இறையியலாரின் வாழ்வும் எழுத்தும்: தீர்ப்பிடுதல் பற்றிச் சில கருத்துகள்

பெரியார் ஒருவரின் நூலைக் கற்கிறோம், அதனால் பயன் பெறுகிறோம், பிறருக்கும் கற்பிக்கிறோம். அவர் மறைந்து சில ஆண்டுகள் சென்றபின் அவரது தனிவாழ்வைக் குறித்துக் குற்றச்சாட்டுகள் வெளிவருகின்றன. அவ்வேளையில் திருச்சபையிலும் இறையியற் கல்லூரிகளிலும் இருவகைக் குரல்கள் எழக் காண்கிறோம். பொக்கிஷம் பெரிது, அதைத் தாங்கிய பாண்டம் மண்ணால் ஆனதே, ஆதலால் பாண்டத்தைப் பாராதீர் என்பர் ஒரு சாரார். அந்நூல்களை நூலகத்திலிருந்தே அகற்றிவிடுக என்பர் மற்றொரு சாரார். இவ்விரு குரல்களும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றினும் ஒரு வகையில் ஒத்தவையே. நூலை மீண்டும் ஒருமுறை, முன்னிலும் கூர்மையாகப் படிக்கும் உழைப்பிலிருந்து இரண்டும் நமக்கு விடுப்பு அளித்துவிடுகின்றன.

அவ்வுழைப்பு எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அமெரிக்க மெனோனைட் இறையியலாராகிய ஜான் ஹோவர்ட் யோடரைக் (1927–1997) குறித்தே பெரிதும் பேச எண்ணுகிறேன். அவர் பாசெல் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது அவருக்கு ஆசிரியராக விளங்கிய கார்ல் பார்த்தைக் (1886–1968) குறித்தும் சிறிது கூறுதல் வேண்டும். ஏனெனில் இருவரையும் ஒரே தராசில் நிறுப்பவர் பலர்.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் நலம். குற்றச்சாட்டுகள் அனைத்தும் உண்மையாய் இருப்பதில்லை. சீர்திருத்தத் திருச்சபையார் இதனைத் தம் வரலாற்றிலேயே நன்கு கண்டவர்கள். 1549இல் கொக்லேயஸ் வெளியிட்ட லூத்தர் வரலாறும், 1904இல் வெளிவந்த ஹைன்ரிக் டெனிஃப்ளேயின் பெருநூலும் லூத்தரின் ஒழுக்கத்தைத் தாக்கி, அதன் வழியே அவரது போதனையையே வீழ்த்த முயன்றவை. எதிரியின் நோக்கத்தை அங்கு நாம் எளிதில் இனங்கண்டு கொள்கிறோம். ஆயின், ஹெஸ்ஸே நாட்டுச் சிற்றரசன் பிலிப்பு, மனைவி உயிரோடிருக்கும்போதே 1540இல் இரண்டாம் மணம் புரிந்ததற்கு லூத்தரும் மெலாங்தனும் 1539 டிசம்பரில் மறைவாக இசைவு அளித்திருந்ததும், செய்தி கசிந்தபோது அதனை மறுத்துவிடலாம் என லூத்தர் ஆலோசனை கூறியதும் எதிரிகளின் கற்பனை அல்ல. அவை ஆவணங்களில் உள்ளவை. சொன்னவன் பகைவனா நண்பனா என்பது விசாரணையின் தொடக்கத்தில் கேட்க வேண்டிய கேள்வி. அதுவே விசாரணையின் முடிவு ஆகிவிடாது.

தனிவாழ்வு என்னும் சொல்லையும் சற்று ஐயத்துடன் நோக்குதல் வேண்டும். வீட்டின் நான்கு சுவர்களுக்குள் நிகழ்வது, ஊரார்க்கு உரியதன்று என்னும் பொருளிலேயே நாம் அதனைக் கையாளுகிறோம். பார்த்தின் செய்தி ஏறத்தாழ அவ்வகையைச் சார்ந்தது. அவர் 1913இல் நெல்லி ஹோஃப்மன் அம்மையாரை மணந்தார். ஐந்து மக்கள் பிறந்தனர். 1924இல் செவிலியராகிய சார்லோத்தே ஃபொன் கிர்ஷ்பாம் என்னும் அம்மையாரைச் சந்தித்தார். 1929 அக்டோபரில் அவ்வம்மையார் மூன்ஸ்டர் நகரில் பார்த்தின் இல்லத்திற்கே குடியேறினார். நோயுற்று 1966இல் மருத்துவ இல்லத்திற்குச் செல்லும் வரை, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மூவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். மணமுறிவு பற்றிய பேச்சு எழுந்தும் அது நடைபெறவில்லை. 1975இல் எபர்ஹார்ட் புஷ் எழுதிய வாழ்க்கை வரலாறு இந்நிலையை முற்றிலும் மறைக்கவில்லை எனினும், சுருக்கமாகவே தொட்டுச் சென்றது. 2008இல், 1925 முதல் 1935 வரையிலான அவ்விருவர் கடிதங்கள் அச்சேறின. 2017இல் கிறிஸ்டியானே டீட்ஸ் அக்கடிதங்களின் அடிப்படையில் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை வெளிவந்தபின், இது காதல் உறவன்று, வெறும் உதவியாளர் உறவே என்று சொல்வதற்கு இடமில்லாது போயிற்று.

இங்குக் குற்றச்சாட்டு என்ற சொல்லே பொருந்தாது. பார்த்தின் கையெழுத்தே சாட்சி. அவர் தம்மை நியாயப்படுத்த முயன்றதையும், குற்றவுணர்வால் வருந்தியதையும் அக்கடிதங்களில் ஒருங்கே காண்கிறோம். துன்புற்றவர் யார் என வினவினால் முதலில் நெல்லி அம்மையாரைக் கூற வேண்டும். அடுத்து, சிலர் வியக்கக்கூடும், சார்லோத்தே அம்மையாரையும் கூறுவேன். ‘திருச்சபைக் கோட்பாட்டியல்’ என்னும் பெருந்தொகுதியில் சிற்றெழுத்தில் அச்சாகியுள்ள திருமறை, வரலாற்று ஆய்வுப் பகுதிகளுக்கு அவர் ஆற்றிய உழைப்பு அளவிடற்கரியது. 1950இல் வந்த தொகுதியின் முன்னுரையில், இருபது ஆண்டுகளாகத் தம் அருகில் அமைதியாக அவர் ஆற்றிய பணியைப் பார்த் நன்றியோடு குறிப்பிடுகிறார். நூலின் முகப்பிலோ ஒரே பெயர்தான் உள்ளது. அடுத்த ஆண்டே, 1951இல், திருமணம் ஒரே துணையுடன் முழுமையாக வாழும் வாழ்வு என விளக்கும் பகுதி அடங்கிய தொகுதி வெளிவந்தது. அதனை எழுதிய மேசை எந்த வீட்டில் இருந்தது என்பதை அறிந்து படிப்பவர் அப்பக்கங்களைப் பழையபடி படிக்க இயலாது. ஆயினும், கடவுளின் வெளிப்பாட்டைக் குறித்துப் பார்த் கூறியது பிழையா சரியா என்னும் வினாவிற்கு இவ்வீட்டுச் செய்தி விடை தாராது. பார்த்தை விரும்பாத சிலர் இக்கடிதங்களைக் கையில் எடுத்துக்கொண்டு அவருடைய இறையியல் முழுவதையும் தள்ளிவிட முனைவது, டெனிஃப்ளே லூத்தருக்குச் செய்ததை வேறு முனையிலிருந்து செய்வதேயாகும்.

(பால் டில்லிக் குறித்து ஹன்னா டில்லிக் அம்மையார் 1973இல் எழுதிய நூல் எழுப்பும் வினாக்கள் தனிக் கட்டுரைக்கு உரியவை, ஈண்டு விரிக்கவில்லை.)

யோடரின் செய்தி முற்றிலும் வேறானது. 1972இல் வெளிவந்த ‘இயேசுவின் அரசியல்’ என்னும் அவரது நூல், சிலுவையின் வழி தனிமனிதப் பக்திக்கு மட்டும் உரியதன்று, திருச்சபையின் பொதுவாழ்வுக்கும் உரிய அரசியல் நெறி என நிறுவ முயன்றது. வன்முறை மறுப்பைப் பற்றி ஆங்கிலத்தில் இறையியல் கற்பிக்கப்படும் இடங்களில் அந்நூலைத் தொடாமல் செல்வது அரிது. அவர் இந்தியானா மாநிலம் எல்க்கார்ட் நகரிலுள்ள மெனோனைட் இறையியற் கல்லூரியில் பல ஆண்டுகள் பேராசிரியராகப் பணியாற்றினார். அக்காலத்தில், 1970களின் நடுவிலிருந்து, திருமணத்திற்குப் புறம்பேயும் உடல்சார்ந்த நெருக்கம் பாவமாகாது, திருச்சபைக் குடும்பத்தின் உடன்பிறப்பு அன்பாகவே அமையலாம் என ஒரு கருத்தை வகுத்தார். அதனை ஆய்வு என அழைத்தார். அவ்வாய்வில் துணைநிற்குமாறு பெண்களை வேண்டினார். அவர்களுள் மாணவியர் இருந்தனர், திருப்பணியாளர்கள் இருந்தனர், அவரது புகழை மதித்து அறிவுரை நாடி வந்தவர்கள் இருந்தனர். பலர் விரும்பாத தொடுதலுக்கும் வற்புறுத்தலுக்கும் ஆளாயினர். வரலாற்றாசிரியர் ரேச்சல் வால்ட்னர் கூசென் அம்மையார் ஆவணங்களையும் நேர்காணல்களையும் ஆராய்ந்து 2015 ஜனவரியில் ஒரு மெனோனைட் ஆய்விதழில் வெளியிட்ட நீண்ட கட்டுரை, இவ்வாறு பாதிக்கப்பட்ட பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் எனக் கணிக்கிறது.

கல்லூரித் தலைவர் 1970களிலேயே இதனை அறிந்திருந்தார். யோடருடன் கடிதம் வாயிலாக நீண்ட விவாதமும் நடத்தினார். கமிட்டிகள் அமைந்தன, உடன்படிக்கைகள் எழுதப்பட்டன, யாவும் இரகசியமாகவே இருந்தன. 1984இல் யோடர் அக்கல்லூரியை விட்டு விலக நேர்ந்தது. விலகியதன் காரணம் வெளியிடப்படவில்லை. நோட்ரடாம் பல்கலைக்கழகத்தில் அவரது ஆசிரியப்பணி இறுதி வரை தொடர்ந்தது. 1992இல் எட்டுப் பெண்கள் ஒன்றுசேர்ந்து அவர் அங்கத்தினராயிருந்த சபையாரிடம் முறையிட்ட பின்னரே, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவரது குருத்துவ உரிமை நிறுத்தி வைக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் நீடித்த ஒழுங்கு நடவடிக்கை 1996இல் முடிவுற்றது. 1997 டிசம்பரில் அவர் காலமானார்.

இறந்தவரைக் குற்றஞ்சாட்டுதல் முறையன்று, அவர் எழுந்து வந்து மறுமொழி கூற இயலாதே என்னும் நியாயத்தை நாம் அடிக்கடி கேட்கிறோம். நல்ல நியாயம்தான். ஆயின் இங்கு அது செல்லாது. அவர் உயிரோடிருந்த இருபது ஆண்டுகளாக மறுமொழி கூறிக்கொண்டே இருந்தார். கேட்கப்படாதவர்கள் பெண்களே.

இனி நாம் ஊன்றி நோக்க வேண்டிய இடத்திற்கு வருகிறோம். யோடர் தம் தற்காப்புக்கு எடுத்துக்கொண்டது மத்தேயு 18:15–17 ஆகும். ஒரு சகோதரன் குற்றஞ்செய்தால் அவனிடம் தனித்துச் சென்று உணர்த்துதல் வேண்டும் என்பது அப்பகுதியின் தொடக்கம். என்மீது குறையிருப்பின் அப்பெண்கள் என்னிடமே நேரில் வந்து சொல்லட்டும் என்பது அவரது நிலை. கட்டுதல், கட்டவிழ்த்தல் என்னும் இப்பகுதியைத் திருச்சபை வாழ்வின் மையமாக அவர் 1960களிலிருந்தே எழுதி வந்தவர் என்பதை மறக்கலாகாது. ‘உடல் அரசியல்’ என்னும் அவரது சிறுநூலின் முதல் அதிகாரமும் அதுவே. அந்நூல் வெளிவந்த ஆண்டு 1992. குருத்துவ உரிமை இழந்த அதே ஆண்டு! ஆதலின், எழுதியது ஒன்று, செய்தது வேறொன்று எனப் பிரித்துவிட இயலாது. எழுதியதே செய்ததற்குக் கேடயமாயிற்று. அவரை விசாரித்தவர்களும் அவரிடமே அந்நெறியைக் கற்றவர்கள். ஆசிரியர் வகுத்த இலக்கணத்தைக் கொண்டே ஆசிரியரை விசாரிக்கப் புகுந்தனர். அவ்விலக்கணத்தில் அவருக்கே தேர்ச்சி மிகுதி.

அந்தத் திருமறைப் பகுதி உண்மையில் அவ்வாறு கூறுகிறதா? மத்தேயு 18ஆம் அதிகாரம் 15ஆம் வசனத்தில் தொடங்கவில்லை. சிறுபிள்ளையை நடுவே நிறுத்துவதில் தொடங்குகிறது. சிறியோருக்கு இடறல் உண்டாக்குவோரைக் குறித்த கடும் எச்சரிக்கையும், எந்திரக் கல்லைப் பற்றிய பேச்சும் அதன் பின்னரே வருகின்றன. காணாமற்போன ஆட்டைத் தேடும் உவமை அதனை அடுத்து வருகிறது. வலியவன் எளியவனுக்கு இழைக்கும் தீங்கைப் பற்றி அதிகாரம் முன்னரே பேசிவிட்டது. அதைக் கடந்து, சமமான இரு சகோதரருக்கிடையே எழும் பிணக்குக்கான வழிமுறையை மட்டும் தனியே வெட்டியெடுத்து, ஒரு பேராசிரியருக்கும் அவருடைய மாணவிக்கும் இடையே பொருத்துவது திருமறை விளக்கம் ஆகாது. மேலும் ஒன்று. பதினைந்தாம் வசனத்தில் உனக்கு விரோதமாக என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொற்கள் சீனாய், வத்திக்கான் ஆகிய பழமையான இரு கையெழுத்துப்படிகளில் இல்லை. அப்பாடத்தை ஏற்பின், குற்றஞ்செய்த சகோதரனிடம் செல்லும் கடமை தீங்குற்றவருடையது மட்டுமன்று. அறிந்த எவருக்கும் உரியது. யோடரைப் போன்ற நுட்பமான அறிஞர்க்கு இது தெரியாததன்று.

நாத்தானின் செயலை ஒப்பிட்டுப் பாருங்கள். தாவீதின் பெயர் இவ்விவாதங்களில் தவறாமல் வருகிறது. தாவீதும் விழுந்தார், மனந்திரும்பினார், ஆண்டவர் அவரைத் தள்ளிவிடவில்லையே என்பர். மெய்தான். ஆனால் 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தில் அரசனிடம் செல்பவர் தீர்க்கதரிசி. நீயே போய் அவரிடம் தனித்துப் பேசு என்று அவர் பத்சேபாளை அனுப்பவில்லை. அரண்மனைக்கு ஒருமுறை தனியே அழைக்கப்பட்டதே அவளுக்குப் போதுமானதாயிருந்தது. தாவீதை மேற்கோள் காட்டுவோர் அடுத்த அதிகாரத்தையும் படிப்பார்களாயின் நன்று. தாமார் தன் சகோதரன் அம்னோனால் கெடுக்கப்பட்டபோது, மற்றொரு சகோதரனாகிய அப்சலோம் அவளைப் பேசாமலிருக்கச் சொல்கிறான். தந்தையாகிய அரசன் சினங்கொள்கிறார், ஆனால் ஒன்றும் செய்யவில்லை. மனந்திரும்பிய தாவீதின் வீட்டிலும் ஒரு பெண்ணின் வாய் அடைக்கப்பட்டதைத் திருமறை மறைக்கவில்லை. மத்தேயுவின் வம்ச அட்டவணையிலும் தாவீது நீக்கப்படவில்லை; எனினும் சாலொமோனின் தாய் உரியாவின் மனைவியாகவே அங்கே குறிக்கப்படுகிறாள்.

இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்னும் உபாகமம் 19:15இன் விதியும் இத்தகைய விசாரணைகளில் எடுத்துரைக்கப்படுவதே. 1 தீமோத்தேயு 5:19 அதனை மூப்பருக்கு உரிய பாதுகாப்பாக வழங்குகிறது. அடுத்த வசனமோ, பாவஞ்செய்த மூப்பரை எல்லார்க்கும் முன்பாகக் கண்டிக்கச் சொல்கிறது. நம் சபைகளில் 19ஆம் வசனத்தை மனப்பாடமாக அறிந்தவர் பலர். 20ஆம் வசனத்தை அவர்கள் எடுத்துச் சொல்லக் கேட்பது அரிது. சாட்சிகளின் எண்ணிக்கையைப் பற்றி யோடரின் வரலாறு ஓர் அச்சந்தரும் பாடத்தைத் தருகிறது. நூறு பெண்கள் இருந்தும், ஒவ்வொருவரும் தாம் மட்டுமே இத்துன்பத்துக்கு ஆளானதாக நெடுங்காலம் எண்ணியிருந்தனர். ஒவ்வொருவரையும் தனித்தனியே இரகசியத்தால் கட்டி வைத்தமையால் நூறு சாட்சிகள் நூறு முறை ஒற்றைச் சாட்சியாயினர். ஒற்றைச் சாட்சி செல்லாது என்னும் விதி அநியாயமன்று. சாட்சிகள் ஒருவரையொருவர் அறியாதபடி செய்துவிட்டு அவ்விதியைக் காட்டுவதே அநியாயம். 1992இல் எட்டுப் பெண்கள் ஒரே அறையில் கூடியபோதுதான் இக்கட்டு அவிழ்ந்தது.

நூல்களை என்செய்வது? ஆகுஸ்தீன் தொனாத்தியருக்கு எதிராக நிறுவிய கோட்பாட்டைச் சிலர் இங்கு நினைவூட்டுகின்றனர். குருவானவரின் தகுதியின்மை திருவருட்சாதனத்தின் வலிமையைக் குறைக்காது என்பது அக்கோட்பாடு. அதனை மனமார ஏற்கிறேன். ஏற்காவிடில் நம்மில் எவர் பீடத்தருகே நிற்க முடியும்? ஆனால் ஒரு பேராசிரியரின் நூல் திருவருட்சாதனம் அன்று. திருமுழுக்கில் செயலாற்றுபவர் ஆண்டவர். அறவியல் நூலில் வாதிடுபவர் மனிதர். அதிலும், திருச்சபை எதைப் போதிக்கிறதோ அது அதன் கூட்டு வாழ்வில் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதுவே உலகிற்கு அதன் சாட்சி என வாழ்நாளெல்லாம் வற்புறுத்தியவர் யோடர். வாழ்வு வேறு, போதனை வேறு என்னும் அடைக்கலம் பிறர்க்கு உண்டோ இல்லையோ, அவருக்கு இல்லை. அதனை அவரே அடைத்துவிட்டார்.

அதே வேளையில், வன்முறை மறுப்பைப் பற்றிய அவரது வாதம் அவர் கெட்டவர் என்பதால் பொய்யாகிவிடாது. நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு ஆற்றிய உரையை யூபிலி ஆண்டின் அறிவிப்பாகக் காணும் அவரது விளக்கம், பிரெஞ்சுப் போதகர் ஆந்த்ரே த்ரொக்மே முன்னரே எழுதியதைத் தழுவியது. லூக்கா 4ஆம் அதிகாரம் அதனைத் தாங்குமா என்பதை லூக்காவைக் கொண்டே ஆராயலாம். ஆதலால் நூலை எரிக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் எல்லாப் பக்கங்களும் ஒரே வகையின அல்ல. ‘இயேசுவின் அரசியல்’ நூலில் கீழ்ப்படிதலை ஒரு புரட்சிச் செயலாக விளக்கும் அதிகாரம் ஒன்று உண்டு. மனைவியரும் அடிமைகளும் தம் நிலையைத் தாமே மனமுவந்து ஏற்பது கிறிஸ்துவின் வழியில் நடப்பது என்பது அதன் சாரம். பெண் இறையியலார் சிலர், யோடரின் செயல்கள் பொதுவெளியில் தெரியும் முன்னரே, அவ்வதிகாரத்தின் வாதத்தைக் கண்டித்து எழுதினர். அக்கண்டனம் ஆசிரியரின் ஒழுக்கத்தை அறியாமலே, நூலின் சொற்களை மட்டும் கொண்டு எழுந்தது என்பது குறிப்பிடத்தக்கது. நூலைக் கூர்ந்து படித்தவர்களின் காதில் ஏதோ ஒன்று முன்னரே இடறியிருக்கிறது. புகழுரை எழுதிய நம்மினத்தார் பலர்க்கு அது இடறவில்லை. மத்தேயு 18ஐப் பற்றிய அவருடைய பக்கங்களும் இவ்வகையைச் சார்ந்தவை: அதிகாரம் இல்லாதவனும் அதிகாரம் உடையவனும் ஒரே மேசையில் சமமாக அமர்ந்திருப்பதாக அவை எண்ணிக்கொள்கின்றன. அந்த எண்ணம் பிழை என்பதை அப்பெண்களின் சாட்சியே நமக்குக் காட்டியது. அவ்வகையில் அச்சாட்சி ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய சான்று மட்டுமன்று; திருமறை விளக்கத்திற்கும் உரிய சான்று.

யோடரின் பல நூல்களை வெளியிட்ட ஹெரால்டு பதிப்பகம் 2013 முதல் அவர் நூல்களில் அவரது செயல்களைக் குறித்த அறிக்கை ஒன்றைச் சேர்த்து வருகிறது. 2015 மார்ச் மாதத்தில் எல்க்கார்ட் கல்லூரி, பாதிக்கப்பட்ட பெண்களில் சிலர் பங்குபெற்ற வழிபாடு ஒன்றில், தன் தவற்றைப் பகிரங்கமாக ஏற்று அறிக்கையிட்டது. முதல் முறையீட்டிலிருந்து அவ்வழிபாடு வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். நம் நூலகங்களிலுள்ள பிரதிகள் பெரும்பாலும் 2013க்கு முந்தியவை; அவற்றில் அவ்வறிக்கை இல்லை. அவற்றை அகற்ற வேண்டும் என்பாரோடு நான் உடன்படவில்லை. அவ்வறிக்கையைப் படியெடுத்து உள்ளட்டையில் ஒட்டுவது ஓர் உதவியாளரின் அரைநாள் வேலை. அறவியல் வகுப்பில் ‘இயேசுவின் அரசியல்’ பாடமாக வைக்கப்படின், கூசென் அம்மையாரின் கட்டுரை அதற்கு முந்திய வாரத்தில் படிக்கப்பட வேண்டும். பிந்திய வாரத்தில் அன்று.